கலயத்துக்குத் தடை, பாட்டிலுக்குக் கடை

எந்தப் பதார்த்தத்துக்கு எந்த மது பொருந்தும் என்று நம்மவர்கள் கட்டுரை எழுதுகிற காலம் வந்துவிட்டது. மீனுக்கு வெள்ளை ஒயின். ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின். வெள்ளை ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும். வறுத்த மீனின் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அந்த வேலையை அது செய்துவிடுகிறது. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் இறக்கிய துவர்ப்பு இருக்கும். கொழுத்த இறைச்சியின் நெய்ப்பசையை அது நாக்கிலிருந்து வழித்துவிடுகிறது. காரணமெல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்கள். நாசிக்கில் 1999ல் சுலா என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. 2001ல் மகாராஷ்டிர சர்க்கார் திராட்சை பதனிடும் தொழிலுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து ஊக்கம் கொடுத்தது. இன்றைக்கு 'செனின் பிளாங்க்', 'சாவிஞான் பிளாங்க்', 'ஷிராஸ்' என்ற பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பிழையில்லாமல் உச்சரிக்கிறார்கள். தன் பழத்துக்கு விலை கிடைக்க ஒரு விவசாயிக்கு இன்னொரு வாசல் திறந்தது என்ற வகையில் எனக்கும் சந்தோஷந்தான்.

ஆனால் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரு வார்த்தையைச் சொல்கிறார்கள்: மண். அந்தந்த மண்ணின் குணம், அந்தந்த வெயிலின் குணம் கோப்பையில் இறங்க வேண்டுமாம். அப்போதுதான் அது நல்ல மதுவாம். பேஷ்! அப்படியானால் ஒரு கேள்வி கேட்கிறேன். விருதுநகர் மண்ணின் குணம் எந்தக் கோப்பையில் இறங்கும்? சாத்தூர் வெயிலின் குணம் எந்தப் பாத்திரத்தில் ஊறும்?

இதற்குப் பதில் சொல்ல யாரும் பிரான்ஸ் தேசத்துக்குப் போக வேண்டாம். எங்கள் கண்மாய்க் கரைக்கு வந்தால் போதும். அங்கே நிற்கிறது பனை.

எங்கள் சீமை வானம் பார்த்த சீமை. கரிசலும் செம்மண்ணும் கலந்த காடு. வடகிழக்குப் பருவம் ஏமாற்றிவிட்டால் அந்த வருஷம் ஏமாந்ததுதான். இந்த வறட்சிதான் சிவகாசிக்குப் பிழைப்பும் கொடுத்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மருந்து சீக்கிரம் காய ஈரமில்லாத காற்று வேண்டும். அது இங்கே தாராளமாக இருந்தது. பின்னால் பட்டாசும் அச்சும் வந்தன. ஆனால் தீக்குச்சி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வறட்சியைப் பிழைப்பாக்கிக்கொண்டது பனை. தண்ணீர் ஊற்ற ஆள் கேட்காது, எரு கேட்காது, வரப்பிலே நின்றாலும் நிற்கும், கரையிலே நின்றாலும் நிற்கும். விதை போட்டவன் பதினைந்து இருபது வருஷம் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருந்தால் அவன் பேரன் காலம் தாண்டியும் கொடுக்கும்.

திராட்சைக்கு ரகம் சொல்கிறார்களே, பனையிலும் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண்பனையை அலகுப்பனை என்பார்கள். பெண்பனையைப் பருவப்பனை என்பார்கள். இரண்டிலும் பாளை சீவலாம். தை மாசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆனி ஆடி வரைக்கும் பருவம். பனையேறி காலிலே தளைநார் மாட்டிக்கொண்டு, இடுப்பிலே அரிவாள்பெட்டி கட்டிக்கொண்டு ஏறுகிறான். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பக்குவமாக நசுக்கிவிடுகிறான். ரொம்ப நசுக்கினால் பாளை செத்துப்போகும். போதாமல் நசுக்கினால் சுரக்காது. அதன் பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் நுனியை ஒரு இழை சீவுகிறான். வெற்றிலைக் கனம்கூட இல்லாத சீவல்! சீவிய முகத்தில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கி அடுத்த மரத்துக்குப் போகிறான். இப்படி முப்பது நாற்பது மரம், இரண்டு வேளை. இதில் ஒரு நாள் தவறினாலும் பாளையின் முகம் காய்ந்துவிடும். தீபாவளி, பொங்கலென்று ஆபீஸுக்கு லீவு போடுகிற நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத ஒழுங்கு இது.

இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். கட்டுகிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள். வித்தியாசம் அவ்வளவுதான். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரம் அதன் வேலையைத் தடுத்துவிடுகிறது. சுண்ணாம்பில்லாத கலயத்தில் விடியற்காலை இனிப்பு, மத்தியானம் புளிப்பும் இனிப்பும், சாயங்காலம் கடுப்பு. மறுநாள் வைத்திருந்தால் காடி. நாசிக்கில் மாதக்கணக்கில் எஃகுத் தொட்டிகளில் நடக்கிற காரியம் எங்கள் ஊரில் ஒரு பகற்பொழுதில் மரத்தின் உச்சியிலேயே முடிந்துவிடுகிறது. ஆலையும் அதுதான், ஆகாயமும் அதுதான்.

அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டத்தின் முன்னே ஒரு மனிதனை யோக்கியனாகவோ குற்றவாளியாகவோ ஆக்குகிறது. தடவினால் அவன் கிராமக் கைத்தொழில் செய்கிறவன். தடவாவிட்டால் மதுவிலக்குச் சட்டப்படி பிடித்து அடைக்கப்பட வேண்டியவன். அவனைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் போகிற வழியிலே, அதே சர்க்கார் தன் சொந்தக் கடையில், தன் சொந்தச் சிப்பந்தியைக் கொண்டு, நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்துள்ள பாட்டிலை விற்றுக்கொண்டிருக்கிறது. ஜீப்பில் இருப்பவன் இறக்கிய கள்ளில் அந்தச் சத்து நூற்றுக்கு நாலைந்து பங்கு. புளிக்கப் புளிக்க இன்னும் சற்றுக் கூடும்.

இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தைவிடத் தேதிகளுக்குப் பலம் அதிகம்.

1937ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் அது சென்னை ராஜ்யம் முழுவதற்கும் பரவியது. 1971ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்திக் கள்ளுக்கடை, சாராயக்கடைகளைத் திறந்தது. 1973லும் 1974லுமாக மறுபடி மூடியது. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு திரும்பத் திறந்தது. 1983ல் மொத்த விற்பனைக்காக 'டாஸ்மாக்' என்ற சர்க்கார் கம்பெனி பிறந்தது. 1987 ஜனவரி 1ந் தேதி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. பாட்டிலுக்கு வரவில்லை. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே ஒப்படைத்தது. 2023-24ஆம் ஆண்டில் அதனால் கஜானாவுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இதில் எந்தக் கட்சி யோக்கியம், எந்தக் கட்சி அயோக்கியம் என்று நான் தராசு பிடிக்கவில்லை. வாசகர்களுக்கு அவரவர் தராசு இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. கள்ளும் பாட்டிலும் சேர்ந்து மூடியிருந்த காலமும் இருந்தது. சேர்ந்து திறந்திருந்த காலமும் இருந்தது. ஆனால் 1987க்குப் பிறகு நிலைத்தது எது? மரத்திலிருந்து வருவது குற்றம், ஆலையிலிருந்து வருவது வருமானம் என்ற ஏற்பாடு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு 'மதுவிலக்கு' என்ற பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறோம். மது விலகவில்லை. விலகியவன் பனையேறி.

அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன? நம் ராஜ்யத்து ஜனங்கள் பிராந்தியில் பிரியமுள்ளவர்கள். பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது என்று அகராதி சொல்லும். நம் பாட்டிலிலோ பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயம். அதற்கு நிறமும் மணமும் சேர்த்திருப்பார்கள். திராட்சைப் பிராந்தி நூற்றுக்கு 2 பங்கு கலந்திருந்தாலே 'பிளெண்டட் பிராந்தி' என்று பெயர் சூட்டிக்கொள்ள 2018ல் வந்த மத்திய விதிகள் இடம் கொடுக்கின்றன. லேபிளில் திராட்சைக் கொத்துப் படம் போட்டிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டியதுதான்!

இத்தனைக்கும் திராட்சைக்கு நமக்குப் பஞ்சமா? எங்கள் ஜில்லாவுக்கு மேற்கே மலை அடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற ஜாதித் திராட்சை அங்கே பன்னீர்த் திராட்சையாகிவிட்டது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தாராம். கறுத்த பழம், மெல்லிய தோல், வாசனை கமகமக்கும். வேறு ஊர்களில் வருஷத்துக்கு ஒரு முறை காய்க்கிற கொடி அங்கே இரண்டு மூன்று முறை காய்க்கிறது. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் மெல்லியது என்பதால் பறித்த பழம் நாளாகத் தாங்காது. வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஒயின் ஆலைக்கு உரிமம் தருகிற விதிகள் நம் ராஜ்யத்தில் உண்டு. தேனி ஜில்லாவில் ஆலையும் எழுந்தது. கொடியில் காய்க்கிற சாற்றைப் புளிக்க வைப்பதற்கு விதி இருக்கிறது. பனையில் சுரக்கிற சாறு தானே புளித்தால் வழக்கு இருக்கிறது. திராட்சைக்கு ஒரு நியாயம், பனைக்கு ஒரு நியாயம் என்று எந்த மனுநீதியில் எழுதியிருக்கிறது?

உணவுப் பொருத்தம் பற்றிப் பேசுகிறவர்களே, அந்தச் சாஸ்திரமும் எங்களிடம் இல்லாமலில்லை. பட்டை மடக்கிப் பதநீர் ஊற்றி, அதில் மாங்காயைச் சீவிப் போட்டோ நுங்கைப் பிதுக்கிப் போட்டோ குடித்தவனுக்குத் தெரியும், இனிப்புக்குப் புளிப்பு எப்படித் துணை என்று. பதநீரில் பயறு வேகவைப்பார்கள்; எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி. சாத்தூர்க் கருப்பட்டி மிட்டாயும் அதிலிருந்துதான். திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டையும் அதிலிருந்துதான். ஆப்ப மாவு பொங்குவதற்கு ஒரு கை கள் விட்ட காலம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் யாரும் குடிகாரிகள் அல்ல. கள்ளின் புளிப்புக்குச் சுட்ட கருவாட்டின் உப்பு. அதன் மங்கிய இனிப்புக்குச் சாத்தூர்க் காராச்சேவின் உறைப்பு. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் எண்ணெய்ப் பசையை வழிக்கப் பிரான்ஸிலிருந்து துவர்ப்பு வரவேண்டியதில்லை. வெள்ளைக்காரன் வெள்ளை ஒயினுக்குச் சொன்ன அதே காரணத்தைத்தான் பனையேறியின் வீட்டுக்காரி ஏட்டில் எழுதாமலே கையாண்டுவந்தாள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மறுப்பவர்களில் சிலர் என் மதிப்புக்குரியவர்கள்; ஆகையால் சுருக்கமாகத் தள்ளிவிட முடியாது.

முதல் மறுப்பு காந்தியவாதிகளுடையது. 'கள்ளுக்கடை மறியல் நடந்த தேசத்தில் கள்ளுக்கு வக்காலத்தா?' என்று கேட்கிறார்கள். மறியல் காலத்தில் ஈ.வெ.ரா. தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1956ல் எங்கள் விருதுநகரில் தமிழ்நாடு என்ற பெயருக்காக 76 நாள் பட்டினி கிடந்து உயிர் விட்ட சங்கரலிங்கனாரின் கோரிக்கைகளில் இந்தியா முழுவதும் மதுவிலக்கு என்பதும் ஒன்று. அரசியல் சட்டத்தின் 47ஆவது ஷரத்தும் மதுவிலக்கை நோக்கிச் சர்க்கார் முயல வேண்டும் என்கிறது. இவற்றுக்கெல்லாம் நான் தலை வணங்குகிறேன். பூரண மதுவிலக்கு வரட்டும்; பாட்டிலும் போகட்டும், கள்ளும் போகட்டும். அன்றைக்கு இந்தக் கட்டுரையை நானே கிழித்துப்போடுகிறேன். ஆனால் சங்கரலிங்கனார் பாதி மதுவிலக்குக் கேட்டுப் பட்டினி கிடக்கவில்லை. காந்தியடிகள் கள்ளை எதிர்த்தார்; கூடவே பனைவெல்லமும் நீராவும் கிராமத்துக்குச் சோறு போடும் என்றும் சொன்னார். எங்களுக்குப் பக்கத்து ஊரான தே. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து 1960ல் மறைந்த ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காக எவ்வளவு பாடுபட்டார்! பனையேறியைக் கள்ளிலிருந்து விலக்கியவர்கள் அவன் கையில் வேறு பிழைப்பைக் கொடுக்க நினைத்தார்கள். நாம் பிழைப்பையும் கொடுக்கவில்லை, குடியையும் நிறுத்தவில்லை. காந்தியின் பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு: கள்ளில் கலப்படம் நடக்கும். மயக்க மருந்தான குளோரல் ஹைட்ரேட்டைக் கலந்துவிடுவார்கள். இது நடந்ததுதான்; இல்லையென்று சொல்ல மாட்டேன். கள் திறந்திருக்கிற கேரளத்திலும் இந்தப் புகார் உண்டு. ஆனால் எதனால் கலந்தார்கள்? கடையை ஏலம் எடுத்த முதலாளிக்கு மரம் கொடுக்கிற அளவு போதவில்லை. ஆகவே தண்ணீரைச் சேர்த்தான். தண்ணீருக்குப் போதை ஏற்ற மருந்தைச் சேர்த்தான். கலந்தவன் ஏலக்காரன், தண்டனை மரத்துக்கும் மரமேறிக்கும்! பாலில் கலப்படம் நடக்கிறது என்பதற்காகப் பசுவைக் கட்டிவைத்து உதைக்கிறவர்கள் உண்டா? மேலும், கலப்படத்தால் வரும் சாவுக்குப் பயந்து கள்ளை மூடினோமென்றால், சாவு நின்றதா? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால் என்ற ஆலை விஷம். அது எந்தப் பாளையிலும் சுரப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு எங்கள் ஊர்ப் பேட்டையிலிருந்து வருகிறது. அதைச் சொல்கிற அண்ணாச்சிமார்களின் குரலில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 'மரம் ஏறுவதை விட்டதால்தான் நாங்கள் மேலே ஏறினோம். மகமை போட்டு, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினோம். 1910ல் ஆரம்பித்த நாடார் மகாஜன சங்கமே கள் இறக்கும் தொழிலை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. இப்போது நீர் வந்து அரிவாள்பெட்டியைத் திரும்பக் கட்டச் சொல்கிறீரா?' என்கிறார்கள்.

சொல்லவில்லை, அண்ணாச்சி. எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்திலிருந்து இறக்கிப் பனையில் ஏற்ற நான் சொல்லவில்லை. பிறப்பைக் காட்டி ஒருவனை மரத்தோடு கட்டிப்போட்டது பெரிய அநியாயம். அந்தக் கட்டை அறுத்துக்கொண்டு வந்த சமூகத்தின் சாதனையை நான் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகட்டும். ஆனால் எல்லோரும் பேட்டைக்கு வந்துவிடவில்லையே! இன்னும் மரத்தில் இருக்கிறவன் இருக்கிறான். வேறு தொழில் தெரியாமல் இருக்கிறவனும் உண்டு. தெரிந்தே விருப்பப்பட்டு ஏறுகிறவனும் உண்டு. வியாபாரம் செய்கிறவன் கௌரவமாக வாழ்வதற்கு, மரம் ஏறுகிறவன் திருடனாக இருந்தாக வேண்டுமா? ஒரு தொழிலை விட்டுவிடும் உரிமையும் அதை மானமாகச் செய்யும் உரிமையும் ஒரே மனிதனுடைய உரிமைகள்தான்.

நான்காவது மறுப்புதான் என்னைக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைக்கச் செய்தது. அது பெண்களுடையது. சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக்குக் குழாய் சுற்றியும் சம்பாதிக்கிற பெண் கேட்கிறாள்: 'எந்தக் குடியானால் என்னய்யா? வார சம்பளம் வந்த அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கவில்லை. கள் குடித்தவன் மாத்திரம் பெண்டாட்டியை அடிக்க மாட்டானா?'

அடிப்பான். கள் அமிர்தமென்று நான் சொல்லவில்லை. கள்ளால் கெட்ட குடும்பங்களும் உண்டு. அந்தக் கதைகளை நம் எழுத்தாளர்கள் எழுதியும் இருக்கிறார்கள். குடியே வேண்டாம் என்று அவள் சொன்னால் அவள் கட்சிதான் நான். ஆனால் அவளுடைய கண்ணீரைக் காட்டி யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவள் புருஷனிடமிருந்து நாலைந்து பங்குச் சத்துள்ளதைப் பிடுங்கிக்கொண்டு 42.8 பங்குச் சத்துள்ளதைக் கையில் கொடுத்தார்கள். கள்ளில் போன காசு அதே ஊர்ப் பனையேறியின் அடுப்புக்காவது போயிற்று. பாட்டிலில் போகிற காசு ஊரை விட்டே போய்விடுகிறது. அதுவுமல்லாமல், இந்த ஊரின் வேலை எப்பேர்ப்பட்ட வேலை! மருந்து கலக்கிற அறையில் விடிகாலையில் நுழைகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது; கண் மயங்கக் கூடாது. உராய்வு ஒன்று போதும், கொட்டகையே போய்விடும். அப்படிப்பட்டவனுக்கு முந்தின இரவு எது கிடைக்கிறது, எந்த அளவில் கிடைக்கிறது என்பது சில்லறை விஷயமா? மற்ற ஊர்களில் அது ஒரு குடும்பத்தின் கவலை. பட்டாசுச் சீமையில் அது பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பத்துப் பேரின் கவலை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. கண்ணெதிரே உதாரணங்கள் இருக்கின்றன.

ராஜபாளையம் தாண்டிச் செங்கோட்டை வழியாக மலையை இறங்கினால் கேரளம். அங்கே கள் இறக்குகிறவன் தொழிலாளி. அவனுக்கு 1969லேயே ஒரு க்ஷேமநிதிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். தென்னங்கள்தான் அங்கே அதிகம். பாலக்காட்டுப் பக்கம் பனங்கள்ளும் உண்டு. கள்ளுக்கடைச் சமையலைத் தேடி நம் ஊர்க் குடும்பங்களே காரில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து புகழ்கின்றன! கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சீவல் தொழிலாளர்கள் இறக்கிய கள்ளைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது; பாட்டிலில் அடைத்தும் விற்கிறது. யுத்தம் எத்தனையோ பனைகளைத் தலையறுத்துப் போட்ட மண்ணில் இந்த ஏற்பாடு உயிரோடு இருக்கிறது. பீரங்கி விழாத விருதுநகரில் முடியாதா?

முடியும். ஏலம் வேண்டாம், முதலாளி வேண்டாம். பனையேறிகளின் சங்கத்துக்கு மாத்திரம் உரிமம் கொடுங்கள். எத்தனை மரம், எத்தனை கலயம் என்று கணக்கு எழுதுங்கள். மரம் கொடுக்கிற அளவுக்கு மேல் ஒரு குடம் விற்றாலும் உரிமத்தைப் பறியுங்கள். அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே, அந்த ஊர் எல்லைக்குள்ளேயே, பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். சோதித்துப் பார்க்க ஆள் போடுங்கள். கள் திறக்கிற ஊரில் பாட்டில் கடையை மூடுங்கள். இந்த நிபந்தனை ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் ஒரு குடிக்கு இரண்டு குடியாகும். கள் வேண்டாமென்று ஊர்ப் பெண்கள் கூடித் தீர்மானித்தால் அந்த ஊரில் பதநீர் மட்டும் இறங்கட்டும். 2017ல் தென்னை விவசாயிகள் கேட்டபோது நீராவுக்கு விதிகள் செய்யத் தெரிந்த சர்க்காருக்கு இது தெரியாதா?

இதில் அவசரமும் இருக்கிறது. பனை நம் ராஜ்யத்தின் மரம் என்று சொல்லிக்கொள்கிறோம். 2021ல் விவசாயத்துக்கென்று தனி பட்ஜெட் போட்டபோது 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அறிவித்தார்கள்; கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் வருமானம் தராத மரத்தை எந்த உத்தரவு எத்தனை நாள் காப்பாற்றும்? பாளை சீவாத பனை செங்கல் சூளைக்கு விறகாகத்தான் போகும், போய்க்கொண்டும் இருக்கிறது. இன்று போட்ட விதை பாளை விட இருபது வருஷம் ஆகும். அதற்குள் அந்தப் பாளையை எவ்வளவு நசுக்குவது, எவ்வளவு சீவுவது என்று தெரிந்த கை ஊரில் ஒன்றுகூட இருக்காது. அந்த வித்தையைப் புஸ்தகத்தில் படித்துக் கற்க முடியாது. கை பார்த்துக் கைதான் கற்கும். மரம் இருந்து ஆள் இல்லாத ஒரு காலத்தை நோக்கி நாம் கோடிக்கணக்கில் செலவழித்து விதை ஊன்றிக்கொண்டிருக்கிறோம்.

மீனுக்கு எது, கறிக்கு எது என்று எழுதுகிற அன்பர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் எழுத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மண்ணின் குணம் கோப்பையில் இறங்க வேண்டும் என்று எழுதுகிறீர்களே, அதை நாசிக் மண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த மண்ணுக்கும் எழுதுங்கள். 'ஷிராஸ்' என்று உச்சரித்த அதே நாக்கால் 'அலகுப்பனை', 'பருவப்பனை' என்றும் உச்சரியுங்கள். மட்டமான பண்டம் என்ற இளக்காரம் சட்டத்துக்கு முன்னால் நம் மனசில்தான் உண்டாயிற்று. சட்டம் அதைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறது. லேபிள் அழகாக இல்லாததுதான் உங்களுக்குக் குறையென்றால், அந்தக் கவலை வேண்டாம். லேபிள் அச்சடிப்பதில் சிவகாசிக்கு நிகர் ஏது? தங்க நிறத்தில் எழுத்துப் போட்டு, பனைமரத்தின் படமும் போட்டு, வேண்டிய அளவு அடித்துத் தருவார்கள். ஒட்டுவதற்கு ஒரு கலயத்தைச் சட்டம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான்.